சேர்க்க வேண்டியவை

கச்சேரிக்குப் போகிற வழியில், கோட்டை மதிலுக்கு எதிரே
போட்டோக்கொப்பிக் கடையை ஒட்டி என் மேசை.
இங்கிலீசு மனு இருநூறு ரூபாய்.
சிங்களம் என்றால் முந்நூறு, கையால் எழுதுவேன்.
அழுவதற்குத் தனிக் காசு இல்லை.

டென்சில் ஒக்கர்ஸ் வந்தது பத்து மணி வெயிலில்.
டச்பார் ஆள். ஆமியில் வெல்டிங் கோப்ரல்,
இருபத்திரண்டு வருடம்.
வீட்டில் போர்த்துக்கீசு, முகாமில் சிங்களம்.
கோபம் வந்தால் மட்டும்
எங்கள் தமிழ்.

"என்ட பைலில ரெண்டு பதக்கம் இல்ல புள்ள.
குத்தி விட்டவனுகள் எழுத மறந்திட்டானுகள்."

ஒன்று நீண்ட சேவைக்கு.
மற்றது, வெள்ளத்தில் சரிந்த இரும்புப் பாலத்தை
நாலு பேரைத் தறப்பாள் பிடிக்கச் சொல்லி
விடிவதற்குள் ஒட்டிக் கொடுத்ததற்கு.
இரண்டும் பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன,
டின் அலுமாரிக்குள், அலுமாரி வீட்டுக்குள்.
அந்த மார்கழிக் கடல்
ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவில்லை.

சாட்சிக்கு ஒரு படம், மெல்பேணில் இருக்கிற மச்சாள் அனுப்பியது.
இளம் டென்சில், எண்ணெய் வைத்த தலை, மார்பில் மூன்று நாடா.
படம் கறுப்பு வெள்ளை.
நிறம் இல்லாத நாடா
எதற்குக் கிடைத்தது என்று யாருக்குத் தெரியும்?

கொழும்பிலிருந்து வந்த பதிலையும் நீட்டினார்.
'மேற்படி விபரம் எமது பதிவுகளில் காணப்படவில்லை.'
கடிதத்தை முழுக்க வாசிக்க வேண்டி இருக்கவில்லை.
இதே வரி என் லாச்சிக்குள் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது:
வந்தாறுமூலை மாரிமுத்து கனகம்மாவுக்கு ஒன்று,
அவள் தங்கைக்கு ஒன்று,
மகனைப் பற்றி ஒன்பது தரம் கேட்ட
கொக்கட்டிச்சோலை நல்லம்மாவுக்கு ஒன்பது.
பதக்கமும் மகனும்
ஒரே வசனத்தில்தான் காணாமல் போகிறார்கள்.

திருப்பி அனுப்பியிருக்கலாம் நான்.
ரிப்பன் காய்ந்துவிட்டது, நாளைக்கு வாங்க என்று.
தாளைச் செருகிவிட்டேன். பழக்கம்.
இலக்கம், படைப்பிரிவு, சேர்ந்த திகதி, விலகிய திகதி,
'தயவாகக் கேட்டுக்கொள்வது யாதெனில்.'

"மறுகா இன்னொண்டு கிடக்கு."
பைலின் கொப்பியில் விரலை வைத்தார்.
"இந்தா, இத வெட்டச் சொல்லி எழுதுங்க."

ஒரு நடவடிக்கை. ஒரு திகதி.
போன எல்லோருக்கும் ஒரு பதக்கம்.
"நான் போகல்ல. கண்ணில பொறி பட்டு
ஆஸ்பத்திரியில கிடந்தன். பேர் மட்டும் போயிருக்கு."

படத்தைப் பார்த்தேன். மூன்றாவது நாடா?
"ஓம். போட்டன்," என்றார். "தந்தானுகள், போட்டன்."

அந்தத் திகதியை என் விரல்களுக்குத் தெரியும்.
பார்க்காமலே அடிப்பேன்.
ஏழு மனுக்களில் அடித்திருக்கிறேன்,
'அன்று அதிகாலை' என்று தொடங்கி.

படிவத்தில் 'சேர்க்க வேண்டியவை' என்று பெரிய கட்டம்.
நீக்க வேண்டியவை என்று எங்கும் இல்லை.
அப்படி ஒருவன் வருவான் என்று
அச்சடித்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.
ஓரத்தில் இடம் கிடந்தது. அதில் அடித்தேன்.

"போனவங்க யாரெண்டு தெரியுமா?"
மனுவுக்குத் தேவையில்லாத கேள்வி.
கடையில் மெசின் ஓடி நிற்கும்வரை அவர் பேசவில்லை.
பிறகு, மேசையைப் பார்த்துக்கொண்டு:
"ரெண்டு நாளைக்கு முன்ன
அந்த ட்ரக்கின்ட பின்கதவ ஒட்டினது நான்.
நம்பர் ஞாபகம் இருக்கு."

பிறகு கேட்டார்,
"அத எழுதினா எவ்வளவு?"

வெயில் மதிலை விட்டு மேசைக்கு வந்திருந்தது.
அவருடைய மனுவைக் கழற்றி, கல் வைத்தேன்.
புதுத் தாள் ஒன்று, காபன் ஒன்று,
பின்னால் இன்னொரு தாள், இன்னொரு காபன்.
எத்தனை பிரதி வேண்டியிருக்கும் என்று தெரியவில்லை.
அவர் சட்டைப்பையைத் தடவி
கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சொல்லுங்க," என்றேன். "மெதுவா."